பெக்லர் சுமந்தாக வேண்டும்

மேவிஸ் கோட்டரல் ஒன்றை மனதில் வைத்துவிட்டால் அவளை மாற்றுவதைவிட இந்தக் குன்றைத் தள்ளி வைப்பது சுலபம் என்று அவள் கணவன் வில்ஃப் சொல்வான். சொல்லிவிட்டு, அவள் காதில் விழுந்ததா என்று அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்ப்பான். நான் அவர்களுக்குப் பக்கத்து வீடு. பெயர் சிரில். நடுச்சுவர் மெல்லிசு. அதனால் அந்த வீட்டைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை. தெரிய வேண்டாம் என்று நான் நினைத்ததும் தெரியும்.

எங்கள் டில்கட், குன்றின் மேல் இருக்கிற ஒரு கைப்பிடி வீடுகள். கீழே பள்ளத்தாக்கில் ஹார்கோம். தேவாலயம், கடை, ஆறு, கம்பளி ஆலை எல்லாம் அங்கேதான். நாங்கள் பிழைக்கப் போனதும் கீழே, ஞானஸ்நானத்துக்குப் போனதும் கீழே, கடைசியில் போய்ப் படுப்பதும் கீழே. மேலே ஏறி வந்ததெல்லாம் தூங்குவதற்கும் சண்டை போடுவதற்கும்தான்.

ஆலையில் பில்லியர்ட்ஸ் மேசைக்கான பச்சைத் துணி நெய்வார்கள். டென்னிஸ் பந்தின் மேல் ஒட்டுகிற துணியும் அங்கேதான். மேவிஸ் போர்க் காலத்தில் சின்னப் பெண்ணாகச் சேர்ந்தாள். ஈரத் துணியைச் சுருட்டித் தோளில் தூக்கி உலர்த்தும் கொட்டகைக்குக் கொண்டுபோவது அதுவரை ஆண்கள் வேலை. ஆண்கள் எல்லாரும் சண்டைக்குப் போய்விட்டதால் அவளிடம் கொடுத்தார்கள். சண்டை முடிந்தது. மேஸ்திரி வந்து, "ஆம்பளைங்க திரும்பி வந்துட்டாங்கம்மா, இனிமே நீ தையல் பக்கம் போயிடு" என்றார். "வந்தா வரட்டும். நான் தூக்கறதை நின்னு பாக்கட்டும்" என்றாள் மேவிஸ். ஓய்வு பெறும்வரை அந்த வேலையை அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. கூட ஒரு கை பிடிக்கிறேன் என்று போனவனை முறைத்தே விரட்டுவாள்.

வில்ஃப் சாயப் பட்டறையில் இருந்தான். கல்யாணத்தன்று அவன் விரல்கள் பச்சையாக இருந்தன. மோதிரம் போடும்போது பாதிரியார் ஒரு நிமிஷம் தயங்கினாராம். பிள்ளை இல்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கிண்டல் செய்துகொண்டே வாழ்ந்தார்கள். சாயப் புகை அவன் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அறுபதைத் தாண்டியதும் படி ஏறினால் நிற்பான். பிறகு நடந்தாலே நிற்பான். பிறகு ஜன்னலோரக் கட்டிலிலிருந்து எழுந்திருக்கவில்லை.

ஒரு நாள் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது சொன்னான். நானும் அங்கே இருந்தேன்.

"மேவிஸ், எங்க அப்பாவை வெச்ச இடத்துல என்னையும் வெச்சுடு."

"பெக்லர் மேலயா?"

"ஆமா."

"இப்பவேவா?"

"டீயைக் குடிச்சுடறேன்."

"வெக்கறேன்" என்றாள் மேவிஸ். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அவள் சொன்ன தொனியைக் கேட்டபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, இனி யார் தலைகீழாக நின்றாலும் இது நடக்கும் என்று.

பெக்லர் என்றால் ஜோசையா பெக்லர். செத்து நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஹார்கோம் தேவாலயத்தின் தெற்குப் பக்கம் பெரிய பெரிய மேசைக் கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. அத்தனையும் அந்தக் காலத்துத் துணி முதலாளிகளுடையவை. உயிரோடு இருந்தபோது யார் வீட்டுப் புகைபோக்கி உயரம் என்று போட்டி. செத்த பிறகு யார் கல்லறை உயரம் என்று போட்டி. அதில் எங்களுக்கும் கொஞ்சம் லாபம் உண்டு. மணி அடிக்கிறவர்கள் ஆப்பிள் மது ஜாடியை அதன்மேல் வைப்பார்கள். திருவிழாவில் பெண்கள் கேக்குகளை அடுக்குவார்கள். பிரசங்கம் நீண்டால் வெளியே நழுவியவர்கள் அதன்மேல் சீட்டாடுவார்கள்.

மற்ற கல்லறைகள் பெட்டி மாதிரி நாலு பக்கமும் மூடியவை. பெக்லருடையது நிஜமான மேசை. ஆறு கல் கால்கள், அவற்றின் மேல் ஒரு பெரிய பலகைக் கல், விளிம்பில் கொழுத்த தேவதைக் குழந்தைகள். 'ஏழைகளின் நண்பர்' என்று பெரிய எழுத்தில் செதுக்கியிருக்கிறது. செதுக்கினவனுக்குச் சிரிப்பு தாங்கியிருக்காது. தேவாலய வாசலுக்கு நேராக நிற்கிறது. உள்ளே போகிற எவனும் அவரைப் பார்க்காமல் போக முடியாது.

டில்கட்டில் யார் செத்தாலும் வண்டி கிடையாது. ஆறு பேர் பெட்டியைத் தோளில் வைத்துக் குன்றிறங்கி வருவோம். வழியில் எங்கும் இறக்குவதில்லை. வாசலுக்கு வந்ததும் பெட்டியைப் பெக்லர் மேல் இறக்குவோம். மூச்சு வாங்கித் தீரும்வரை வைத்திருப்போம். பிறகுதான் உள்ளே.

பெக்லர் நெசவாளிகளின் கூலியைக் குறைத்ததற்கு அடுத்த வருஷக் குளிர்காலத்தில் டில்கட்டில் ஒரு நெசவாளி பட்டினியில் செத்தான். தூக்கி வந்த அண்ணன் தம்பிகளும் பட்டினி. இதற்குள் பெக்லரும் மண்டையைப் போட்டு, கல்லறை புதுசாகப் பளபளத்துக்கொண்டிருந்தது. வாசல்வரை வந்தவர்கள் இனி முடியாது என்று பெட்டியை அதன்மேல் வைத்துவிட்டார்கள். கல்லறைத் தோட்டக்காரன் ஓடி வந்து கத்தினான். செத்தவனின் அண்ணன் சொன்னானாம்: "நாங்க இவரை ஆயுசு பூரா சுமந்தோம். எங்களுக்கு மூச்சு வாங்கற நேரம் இவரு சுமக்கட்டும்." இது உண்மையில் நடந்ததா என்று எனக்குத் தெரியாது. டில்கட்டில் அதைச் சந்தேகப்படுகிறவன் பப்பில் தனியாக உட்கார்ந்துதான் குடிக்க வேண்டும்.

வில்ஃப் கேட்ட அந்த இலையுதிர் காலத்திலேயே வினை வந்தது. தேவாலயத்தின் காப்பீட்டுக்காரர்கள் ஒரு ஆளை அனுப்பினார்கள். அவன் ஒவ்வொரு கல்லறையாக உள்ளங்கையால் தள்ளிப் பார்த்தான். பெக்லரின் மேற்குப் பக்கத்துக் கால்கள் இரண்டும் விரிசல். பலகைக் கல் அந்தப் பக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்றான். எப்படிச் சாயாமல் இருக்கும்? நாங்கள் மேற்கிலிருந்து வருகிறோம். பெட்டியின் கால்மாட்டை முதலில் அந்த ஓரத்தில் இறக்கி, பிறகு தள்ளுவோம். எங்கள் பாட்டன், பூட்டன் எல்லாரும் அதே ஓரத்தில் இறக்கினார்கள். ஒருவனுக்காவது இந்தத் தடவை மறுபக்கம் போவோம் என்று தோன்றவில்லை. பெக்லர் மேல் இருந்த கோபத்தில் எங்கள் மேசையை நாங்களே உடைத்துவைத்திருந்தோம்.

மறுநாளே சுற்றிலும் ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் வலை கட்டி, 'அபாயம்' என்று பலகை தொங்கவிட்டார்கள். மேவிஸ் கீழே இறங்கிப் போனாள். போகிற வேகத்தைப் பார்த்து நானும் பின்னால் ஓடினேன். பாதிரியார் லாங்டன் வலைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். நல்ல மனிதர், ஆனால் யாராவது குரலை உயர்த்தினால் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

"இது எப்ப போகும் ஐயா?"

"காலைச் சரிசெஞ்சா போயிடும் மிஸஸ் கோட்டரல்."

"அப்ப சரிசெய்யுங்க."

"நாங்க தொட முடியாது. கல்லறை தேவாலயத்தோட சொத்து இல்ல. சட்டப்படி பெக்லரோட வாரிசுக்குச் சொந்தம். முதல்ல அவங்க சம்மதம் வேணும், அதுக்கப்புறம் மறைமாவட்டத்தோட அனுமதி. வாரிசு எங்க இருக்காங்கன்னே யாருக்கும் தெரியாது."

"நான் கண்டுபிடிக்கறேன்."

"மிஸஸ் கோட்டரல், பெக்லர் போய் நூத்தைம்பது வருஷம் ஆச்சு."

"பெக்லரைத் தேடப் போறேன்னு சொன்னேனா? அவரு எங்க இருக்காருன்னுதான் தெரியுமே."

பாதிரியார் கண்ணாடியைத் துடைத்தார்.

அன்று மாலை பப்பில் ஒரே கொந்தளிப்பு. பெக்லரை அவமானப்படுத்துவதற்குப் பெக்லர் குடும்பத்திடமே போய் அனுமதி கேட்பதா? ஹேங்க்ஸ் சகோதரர்கள் இரண்டு பேரும் மேசையைத் தட்டினார்கள். எங்களோடு பெட்டி தூக்குகிறவர்கள், பெட்டி தூக்காத நேரத்தில் வாய்ச்சவடால்.

"பெக்லர் வீட்டு வாசல்ல போய்க் கை கட்டி நிக்கறதா? எங்க தாத்தா எழுந்து வந்து செவுள்ல விடுவாரு" என்றான் பெரியவன்.

"உங்க தாத்தா எழுந்து வந்தா பெட்டி தூக்கச் சொல்லு. ஆள் பத்தல" என்றாள் மேவிஸ்.

அது உண்மை. இளவட்டங்கள் எல்லாம் ஊரைவிட்டுப் போய், டில்கட்டில் பெட்டி தூக்க மிஞ்சியது ஐந்து பேர்தான்.

ஆலை லாரி ஓட்டின கிழவன் ஒருவன்தான் துப்பு சொன்னான். குளோஸ்டரில் ஒரு செருப்புக் கடையில் பெக்லர் என்று ஒரு அம்மாள் இருப்பதாகவும், அவள் அப்பா பாட்டன் பெருமை பேசியே குடித்துத் தீர்த்தவர் என்றும். மேவிஸ் சனிக்கிழமை பஸ் பிடித்தாள். துணைக்கு என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். துணை அவளுக்கா, பின்னால் யாராவது கேட்டால் சாட்சிக்கா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

டெனிஸ் பெக்லர் ஐம்பதை நெருங்குகிற, சின்ன உருவமுள்ள அம்மாள். கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தார். மேவிஸ் போய் நேராக நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிவிட்டாள். டெனிஸ் அவள் முன்னால் மண்டியிட்டு, அளவுப் பலகையில் அவள் பாதத்தை வைத்தார். ஒரு பெக்லர் டில்கட்காரியின் காலைப் பிடிப்பதைப் பார்க்க ஹேங்க்ஸ் சகோதரர்கள் இல்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

"உங்க இடது கால் கொஞ்சம் பெரிசுங்க."

"எங்க குன்னுல எல்லாருக்கும் அப்படித்தான். சரிவுல நடந்து நடந்து. நீங்க ஹார்கோம் பெக்லரா?"

"எங்க அப்பா அப்படித்தான் சொல்லுவாரு. ஏன் கேக்கறீங்க?"

மேவிஸ் சொல்ல ஆரம்பித்தாள். கல்லறை, பெட்டி, பட்டினியில் செத்தவன், வில்ஃபின் நெஞ்சு, எல்லாம். கொஞ்சம் பூசி மெழுகேன் என்று நான் முழங்கையால் இடித்தேன். அவள் நகர்ந்து உட்கார்ந்து மீதியையும் சொன்னாள்.

டெனிஸ் மண்டியிட்டபடியே கேட்டுக்கொண்டிருந்தார். முகம் சிவந்துவிட்டது.

"அதாவது, எங்க முப்பாட்டன் மேல நீங்க உங்க பெட்டியை வெச்சு அவரை மட்டம் தட்டணும். அதுக்கு நான் கையெழுத்துப் போடணும்."

"ஆமா" என்றாள் மேவிஸ்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"அவர்கிட்டயிருந்து எனக்கு ஒரு டீஸ்பூன்கூட வந்ததில்ல. வாடகை ரூம்ல இருக்கேன். காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் ஊரான் கால்ல விழுந்து கிடக்கேன். இப்ப நீங்க வந்து, உனக்குன்னு உலகத்துல ஒரு சொத்து இருக்கு, அதை நாங்க மிதிச்சுக்கறோம்னு சொல்றீங்க."

"மிதிக்க இல்லம்மா. வெக்க."

"மாட்டேன்." டெனிஸ் எழுந்து அளவுப் பலகையை அதன் இடத்தில் மாட்டினார். "வேற ஏதாவது வேணுமா?"

அடுத்த சனிக்கிழமையும் மேவிஸ் போனாள். அதற்கு அடுத்த சனிக்கிழமையும். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டுவாள். கெஞ்சவில்லை, சண்டையும் போடவில்லை. வில்ஃப் அந்த வாரம் எப்படி இருந்தான், என்ன சாப்பிட்டான், என்ன கிண்டல் செய்தான் என்று சொல்லிவிட்டு எழுந்து வருவாள். செருப்பு வாங்கப் போகிறீர்களா இல்லையா என்று கடை மேலாளர் கேட்டதற்கு, "காலு இன்னும் முடிவு பண்ணல" என்றாளாம். டெனிஸ் முதலில் வேறு ஆளை அனுப்பினார். பிறகு தானே வந்து கேட்டுக்கொண்டு நின்றார். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், "நாளைக்கு எனக்கு லீவு. அந்தக் கல்லைப் பாக்கணும்" என்றார்.

ஞாயிறு பஸ்ஸில் வந்து இறங்கினார். மேவிஸ் வலையைத் தூக்கிப் பிடித்தாள். டெனிஸ் குனிந்து உள்ளே போய், தன் கல்லறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கைக்குட்டையை எடுத்துப் பாசியைத் துடைக்கப் போனவரை மேவிஸ் தடுத்தாள்: "தேய்க்காதீங்க, கல்லோட மேல்தோல் உரிஞ்சுடும்." டெனிஸ் கையை எடுத்துவிட்டுக் குனிந்து படித்தார். "ஏழைகளின் நண்பர்." ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு மூக்கால் ஒரு சிரிப்பு வந்தது. "எங்க அப்பாவும் பப்புல எல்லாருக்கும் நண்பர்தான். வீட்டுலதான் விளக்கெரியாது" என்றார். மேவிஸும் சிரித்தாள். அதன் பிறகு இரண்டு பேரும் குன்றேறினார்கள்.

வில்ஃப் தலையணையில் சாய்ந்திருந்தான். வந்திருப்பது யார் என்று சொன்னதும் தலையைத் தூக்கப் பார்த்தான்.

"பெக்லரா? உக்காருங்கம்மா. மேவிஸ், டீ போடு. அந்த நல்ல கப்புல."

டெனிஸ் கட்டிலோரத்தில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நேராகவே கேட்டுவிட்டார். "எங்க முப்பாட்டன் மேல உங்களுக்கு அவ்வளவு கோவமா?"

"அவரை நான் பாத்ததே இல்லையே." வில்ஃப் மூச்சுக்கு நின்றான். "எங்க அப்பா நாப்பது வருஷம் அந்த ஆலையில மூட்டை தூக்கினாரு. அவருக்குன்னு யாரும் ஒரு துரும்பைத் தூக்கிப் போட்டதில்ல. பெட்டியை அந்தக் கல்லு மேல வெச்சப்ப..." மறுபடியும் நின்றான். "முதல் தடவையா வேற யாரோ அவருக்காக உழைக்கற மாதிரி இருந்துச்சு. எனக்கு அது நல்லா இருந்துச்சும்மா. அவ்வளவுதான், வேற ஒண்ணும் இல்ல."

டெனிஸ் டீயை முழுக்கக் குடித்தார். பிறகு பேனா கேட்டார்.

அதோடு முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம். மறைமாவட்டத்தைப் பற்றி எங்களுக்கு அவ்வளவுதான் தெரியும். அங்கே ஒரு குழு இருக்கிறதாம், அது கூடினால்தான் அனுமதியாம், வசந்தத்தில்தான் கூடுமாம். மேவிஸ் திங்கள்தோறும் போன் செய்தாள். என் வீட்டிலிருந்துதான்.

"குழு கூடணும்ங்க" என்பார்கள்.

"கூட்டுங்க" என்பாள் மேவிஸ். "எங்க ஊர்ல ஆட்டு மந்தையையே கால் மணி நேரத்துல கூட்டிடுவோம்."

பிப்ரவரியில் உறைபனி பிடித்தது. ஒரு நாள் காலை மேவிஸ் கொல்லைப்புறம் கரி எடுக்கப் போய்த் திரும்பி வருவதற்குள் வில்ஃப் போய்விட்டான். சுவரில் மூன்று தட்டு தட்டினாள். அது என்னைக் கூப்பிடுகிற வழக்கம். நான் போனபோது கரிவாளியைக் கீழே வைக்காமல் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். நான்தான் கையிலிருந்து வாங்கப் போனேன். தரவில்லை. தானே கொண்டுபோய் அடுப்பில் கொட்டிவிட்டு வந்தாள். எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு வரவில்லை.

மறுநாள் பாதிரியாரும், இறுதிச் சடங்கு நடத்துகிற கம்பெனிக்காரரும் அவள் அடுப்படியில் உட்கார்ந்திருந்தார்கள்.

"வலையை எடுக்க முடியாது மிஸஸ் கோட்டரல்" என்றார் பாதிரியார். அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. "அந்தக் கல்லு மேல ஒரு பூ ஜாடிகூட வெக்கக் கூடாதுன்னு எழுதியே கொடுத்திருக்காங்க. கால் ஒடிஞ்சு யாரு மேலயாவது விழுந்தா என்ன ஆகும்?"

"எனக்குப் புரியுது ஐயா."

"அப்ப வண்டியில கொண்டுவந்துடலாமா?" என்றார் கம்பெனிக்காரர்.

"இல்ல. சுமந்துட்டு நடந்துதான் வருவோம்."

"சரி, நடந்து வந்து எங்க வெப்பீங்க?"

"வந்தப்புறம் பாத்துக்கலாம்."

"தூக்கறதுக்கு ஆறு பேர் வேணுமே. அஞ்சு பேர்தானே இருக்காங்க?"

"ஆறாவது நான்."

கம்பெனிக்காரர் டீயைக் கீழே வைத்துவிட்டார். விதவை பெட்டிக்குப் பின்னால்தான் நடப்பது வழக்கம் என்று மிகவும் மரியாதையாக எடுத்துச் சொன்னார். "நாப்பது வருஷக் குடித்தனத்துல ஒரு நாளும் அவனுக்குப் பின்னால நடந்ததில்ல" என்றாள் மேவிஸ். "இப்ப மட்டும் எதுக்கு?"

இன்னொரு சிக்கல் உயரம். ஆறு தோளும் ஒரே மட்டத்தில் இல்லாவிட்டால் பெட்டி சாயும். மேவிஸ் எங்களைவிட நாலு விரற்கடை குள்ளம். பச்சைக் கம்பளித் துணியை நாலைந்தாக மடித்துத் தோளில் வைத்துத் தைத்துக்கொண்டாள். கறுப்புக் கோட்டின் மேல் பச்சைத் தோள். ஹேங்க்ஸ் சின்னவன், "பில்லியர்ட்ஸ் ஆடலாம் போல இருக்கு" என்றான். "ஆடு, குச்சியை நான் கொண்டுவரேன்" என்றாள்.

அடக்கத்தன்று நான் அவளுக்கு நேர் பின்னால். பாதையெல்லாம் பனி இறுகிக் கண்ணாடியாகக் கிடந்தது. கம்பெனிக்காரர் முன்னால் மணல் தூவிக்கொண்டே போனார். பாதி வழியில் என் தோள் கழன்றுவிடும் போல இருந்தது. பொதுவாக அந்த இடத்தில் நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது, 'பெக்லர் வந்துட்டாரு, பெக்லர் வந்துட்டாரு' என்பதுதான். அன்று யாரும் சொல்லவில்லை. போய் எங்கே இறக்கப் போகிறோம் என்று ஒருவனுக்கும் தெரியாது. மேவிஸின் கழுத்தில் வியர்வை ஓடுவதை நான் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒரு தடவைகூட அவள் தோளை மாற்றவில்லை, முனகவும் இல்லை.

வாசலுக்கு வந்தோம். ஆரஞ்சு வலை அப்படியே இருந்தது. பாதிரியார் வெள்ளை அங்கியில், குளிரில் மூக்கு சிவந்து, வலைக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தார். வழி மறிக்கவா, வரவேற்கவா என்று அவருக்கே தெரியவில்லை. அவருக்குப் பக்கத்தில் டெனிஸ் பெக்லர், கறுப்புத் தொப்பி வைத்துக்கொண்டு. காலை பஸ்ஸில் வந்திருக்கிறார்.

மேவிஸ் நேராகக் கல்லறைக்கு முன்னால் போய் நின்றாள். ஆகவே நாங்களும் நின்றோம். பெட்டி எங்கள் தோளில். உள்ளேயும் போகவில்லை, இறக்கவும் இல்லை.

"மிஸஸ் கோட்டரல்" என்றார் பாதிரியார் மெதுவாக. "தயவுசெஞ்சு உள்ள வந்துடுங்க."

"அவன்கிட்ட வெக்கறேன்னு சொல்லியிருக்கேன்."

"முடியாதும்மா."

"தெரியும்" என்றாள் மேவிஸ். நகரவில்லை. எல்லா வழியும் அடைத்துப்போய், இனி செய்ய எதுவும் இல்லாமல், பிடிவாதம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு நிற்கிறாள் என்று தெரிந்தது. பின்னால் ஹேங்க்ஸ் பெரியவனுக்கு முழங்கால் ஆடியது. அது பெட்டி வழியாக என் தோளுக்கு வந்தது. இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் வில்ஃப் தரையில்தான் கிடப்பான்.

"ஐயா, வெக்கக் கூடாதுங்கறது இந்தக் கல்லு மேலதானே?" என்று கேட்டார் டெனிஸ்.

"ஆமாம் மிஸ் பெக்லர்."

"எனக்குத் தடை ஒண்ணும் இல்லையே?"

பாதிரியாருக்குப் புரியவில்லை. டெனிஸ் கைப்பையை அவர் கையில் கொடுத்தார். கையுறைகளைக் கழற்றி அதன்மேல் வைத்தார். பிறகு எங்களிடம் வந்தார்.

"கைப்பிடிக்கு இறக்குங்க. தோளுக்கு எனக்கு எட்டாது."

மெதுவாகப் பெட்டியைத் தோளிலிருந்து இடுப்பு மட்டத்துக்கு இறக்கிக் கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டோம். டெனிஸ் முதலில் ஹேங்க்ஸ் பெரியவனிடம் போனார். "விடுங்க. மூச்சு வாங்குங்க." அவன் என்னைப் பார்த்தான். நான் மேவிஸைப் பார்த்தேன். அவள் திரும்பவில்லை. அவன் விட்டான். டெனிஸ் அவன் இடத்தில் நின்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சின்ன உடம்பு ஒரு பக்கமாக வளைந்துவிட்டது. அவன் முழங்காலில் கை ஊன்றி மூச்சு வாங்கினான். வாங்கி முடித்ததும் கைப்பிடியைத் திரும்ப வாங்கிக்கொண்டான். அவர் அவன் தம்பியிடம் போனார். அப்படியே ஒவ்வொருவராகச் சுற்றி வந்தார். என் முறை வந்தபோது அவர் விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. நான் நிமிர்ந்து நின்று, பனியை மூச்சில் இழுத்து, வில்ஃபை ஒரு பெக்லர் தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். அந்த இடத்தில் சிரிப்பும் அழுகையும் எனக்குச் சேர்ந்தே வந்தன என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

கடைசியாக மேவிஸ்.

"குடுங்க" என்றார் டெனிஸ்.

"எனக்கு வேண்டாம். நான் பிடிச்சிருக்கேன்."

"எல்லாருக்கும் பதிலா சுமந்தேன். நீங்க விட்டாத்தான் அவருக்காகச் சுமந்ததா ஆகும்."

மேவிஸ் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஈரத் துணியோ, கரிவாளியோ, அவள் கையிலிருந்த பாரத்தை இன்னொருவர் வாங்கி நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அவள் விரல்களைத் திறக்க நேரமாயிற்று. பிறகு திறந்தாள். டெனிஸ் பிடித்துக்கொண்டார். மேவிஸ் ஓர் எட்டுப் பின்னால் நகர்ந்து, இரண்டு கையையும் தொங்கவிட்டுக்கொண்டு, அவற்றை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றாள்.

யாரும் அவசரப்படுத்தவில்லை. பாதிரியார் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"கனமா இருக்கானா?" என்று கேட்டாள் மேவிஸ்.

டெனிஸ் பொய் சொல்லத் தெரியாத பெண். "இல்லீங்க" என்றார். "ரொம்ப லேசாத்தான் இருக்காரு."

"ஆமா" என்றாள் மேவிஸ். "கடைசியில ஒண்ணுமே சாப்பிடல அவன்."

அதைச் சொன்ன பிறகுதான் அவள் அழுதாள். நாங்கள் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, அவள் அழுது முடிக்கும்வரை நின்றோம். டெனிஸ் அதுவரை விடவில்லை.